நான்கு அடித்தால் நாற்பத்து நான்கு

ஐயா,

கீபோர்டைத் துடைக்க ஈரத்துணியைப் பயன்படுத்தக் கூடாது. பலருக்கு இது தெரிவதில்லை. தெரிந்தவர்களும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். அடியில் ஒரு துளி இறங்கினால் போதும். ஆறு மாதம் கழித்துத்தான் அது தன் வேலையைக் காட்டும். அதற்குள் துடைத்தவர் யார் என்பதே மறந்திருக்கும்.

விசாரணையில் என்னைக் கேட்காமல் விட்டீர்கள். மருத்துவமனையின் கணினிகளைப் பழுது பார்ப்பவன், இதில் சாட்சி சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் மேல் வருத்தமில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காததால் எழுதுகிறேன்.

மருந்தகத்து அக்காவின் லேப்டாப்பிலிருந்து தொடங்க வேண்டும். ஜூன் முதல் வாரம் அதை அவரே தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "தம்பி, நாலு அடிச்சா சில சமயம் ரெண்டு நாலு விழுது. அப்புறம் தானா அணைஞ்சு தானா வருது. பேய் புகுந்த மாதிரி இருக்கு" என்றார். என் மேசையில் மூன்று நாள் வைத்திருந்தேன். நான்கை ஆயிரம் தடவை அழுத்தினேன். ஒரு தடவைகூடப் பிசகவில்லை. டாக்டரைக் கண்டதும் இருமலை விழுங்கிவிடும் நோயாளி மாதிரிதான் இந்த வகைக் கோளாறு. என் தொழிலில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. மேசையில் தெரியாததைக் கோளாறு என்று எழுதக் கூடாது. 'கோளாறு தென்படவில்லை' என்று சீட்டு எழுதி அனுப்பினேன். இரண்டாம் நாள் அதே லேப்டாப் திரும்பி வந்தது.

மருத்துவமனை மேனேஜர் அக்காவையும் என்னையும் கூப்பிட்டார். சாஃப்ட்வேர் கம்பெனிப் பையனும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் என் முடிவைச் சொன்னேன். எண் இரட்டிப்பதும் இயந்திரம் அணைவதும் இரண்டு கோளாறு அல்ல, ஒன்றுதான். கீபோர்டிலிருந்து போர்டுக்குப் போகும் ரிப்பன் கேபிளின் முனையில் ஈரம் அரித்திருக்கிறது; பவர் பட்டனும் அதே கேபிளில்தான். சூடேறும்போது மட்டும் அது விளையாடுகிறது. பையன் சிரித்தான். "சார், அதெல்லாம் யூசர் மிஸ்டேக்" என்றான். மேனேஜர் அக்காவைப் பார்த்து, "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவரு மேடைக்கு வக்கீலு" என்றார். அறையில் டீ கொண்டுவந்தவர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டு யோசித்தேன்.

இப்படிப்பட்ட கோளாற்றை நிரூபிக்க ஒரே வழி, சந்தேகப்படும் உறுப்பைக் கழற்றி நல்ல இயந்திரத்தில் மாட்டுவது. கோளாறு கூடவே போனால், குற்றவாளி அந்த உறுப்புதான். மருந்தகத்து லேப்டாப்புக்குப் புது கீபோர்டு போட்டேன். அதோடு அங்கே புகார் நின்றது. அது போதாதா என்பீர்கள். போதவில்லை. "புதுசு கெடைச்சதும் அக்கா ஒழுங்கா அடிக்கிறாங்க பாத்தீங்களா" என்றார் மேனேஜர். ஆகவே பழைய கீபோர்டை, யாரும் குறை சொல்ல முடியாத ஒரு கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

அதே மாடல் லேப்டாப் ஆண்கள் வார்டில் மருந்து வண்டி மேல் இருந்தது. அதில் அடிப்பவள் அங்கே நர்ஸாக இருக்கும் என் தங்கை. வீட்டில் பாப்பா என்போம். வார்டிலும் அதே பெயர்தான். பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறவள். பதினோரு வருடத்தில் அவள் பதிவில் ஒரு திருத்தம் கிடையாது. ஒரு பகல் அவள் சாப்பிடப் போனபோது கீபோர்டை மாற்றினேன். இருபது நிமிட வேலை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் கை ஜாக்கிரதையாகிவிடும், சோதனை கெட்டுவிடும்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு மேசையில் அவளே சொன்னாள். "அண்ணா, இன்னிக்கு ஒரு கூத்து. நாலாம் நம்பர் கட்டில்னு அடிச்சா நாப்பத்து நாலுன்னு நிக்குது. எங்க வார்டுல இருக்கிறதே இருபது கட்டில். மிச்சத்தை எங்க போடுறது, மொட்டை மாடியிலயா?" இருவரும் சிரித்தோம். அது ஜூலை மூன்றாம் தேதி. என் நோட்டில் நேரத்தோடு குறித்திருக்கிறேன். மறுவாரம் இயந்திரம் இரண்டு முறை அணைந்து வந்தது. "ஒரு தடவை கழட்டிப் பாரேன்" என்றாள். எடுத்து வந்து ஒரு மணி நேரம் மேசையில் ஓட விட்டேன். திருப்பிக் கொடுக்கும்போது, "மேசையில ஒண்ணும் தெரியலையே பாப்பா" என்றேன். இதில் பொய் ஏதும் இல்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

ஆறாம் கட்டிலில் ஒரு லேத் பட்டறைக்காரர் இருந்தார். காலில் ஆறாத புண், சர்க்கரை. மாலைச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் நாலு யூனிட் என்று டாக்டர் சொன்னார். மதியம் இரண்டு மணிக்கு, வேலை முடிந்து கிளம்பும் நேரம், பாப்பா நாலு என்று அடித்தாள். சேமிக்கும் விசையைத் தட்டும்போதே இன்னொரு நாலு விழுந்து திரை அணைந்தது. அது திரும்பி வருவதற்குள் இன்னொரு கட்டிலில் ஒருவர் வாந்தி எடுத்தார், அவள் ஓடினாள். அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் வண்டியைப் பெற்றுக்கொண்டாள். மாலை அந்தப் பெண் திரையில் இருந்தபடி நாற்பத்து நாலு யூனிட் போட்டாள். கொஞ்சம் தயங்கினாளாம். பதிவு போட்டது பாப்பா என்று பார்த்ததும் தயக்கம் போய்விட்டதாம். அவளே உங்களிடம் சொன்ன வாக்குமூலம் இது. பட்டறைக்காரர் மறுநாள் காலை இறந்தார்.

பாப்பாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அன்று அவள் என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். சீருடையைக்கூட மாற்றவில்லை. "அண்ணா, நான் ஒரே ஒரு நாலுதான் அடிச்சேன். என் விரலுக்குத் தெரியும். அந்த கீபோர்டுல ஏதாவது இருந்துச்சா? நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். அந்த மனுஷனோட வீட்டுக்காரம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே, என்னால தாங்க முடியல."

நான் யோசித்துத்தான் பேசினேன். அப்போது சொன்னால் என்ன ஆகும்? தங்கையைக் காப்பாற்ற அண்ணன் கதை கட்டுகிறான் என்பார்கள். மேனேஜர் அதற்கும் ஒரு பழமொழி வைத்திருப்பார். கோளாறு அவள் கையில் மட்டும் வந்திருக்கிறது; இன்னொரு கையிலும் வந்தால்தான் அவள் கை குற்றமற்றது என்று ஆகும். இது எளிய கணக்கு.

"ஒண்ணும் இல்லை பாப்பா" என்றேன். கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப நான்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

கீபோர்டை வார்டிலேயே விட்டேன். புதிதாக வந்த நர்ஸ் கெட்டிக்காரி, மற்றவர்களைப் போல. பத்தொன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் கட்டிலில் ஓய்வுபெற்ற வாத்தியார், பலவீனமான இதயம். சலைன் மணிக்கு நாற்பது மில்லி என்று அடித்தது நானூற்று நாற்பதாக விழுந்து திரை அணைந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. இன்னும் செயற்கைச் சுவாசத்தில் இருக்கிறார். பிழைத்துவிடுவார் என்று சிலர் சொல்கிறார்கள்.

அன்றே கீபோர்டைக் கழற்றி உறையிலிட்டு ஒட்டினேன். நோட்டோடு இணைத்திருக்கிறேன். பூதக்கண்ணாடியில் பாருங்கள், ரிப்பன் முனையில் இடது பக்கம் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம் என்பார்கள், இதற்கு மட்டும் வேண்டும். யாரையும் துடைக்க விடாதீர்கள்.

ஆக, தெரிந்தே அதை வார்டில் மாட்டியவன் நான். ஜூலை மூன்றாம் தேதியே எடுத்திருக்கக்கூடியவனும் நான். எடுக்காமல் விட்டவனும், ஒரு மரணத்துக்குப் பிறகும் அங்கேயே விட்டவனும் நானே. மறைக்க எதுவும் இல்லை. மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை. அன்று அந்த அறையில் என் பேச்சை ஒருவர் காதில் வாங்கியிருந்தால் இத்தனை நாள் நான் காத்திருக்க வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். இரண்டும் ஒரே கோளாறு என்று நான் சொன்னது சரி என மேனேஜர் எழுத்தில் தர வேண்டும்.

நோட்டின் நகலை முதலில் பாப்பாவிடம்தான் கொடுத்தேன். அவள் பெயரைத் துடைத்துக் கொடுக்க இதைவிடப் பெரிய காரியம் ஓர் அண்ணன் செய்துவிட முடியாது. வீட்டு வாசலிலேயே நின்று ஒவ்வொரு தேதியாகப் படித்தாள். "மூணாந்தேதி சாப்பிடும்போது சிரிச்சியே, அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். நோட்டை என் கையில் வைத்துவிட்டு, அடுத்த தெருவில் கூப்பிடும் யாருக்கோ பதில் சொல்வது போல, "எனக்கு அண்ணன் இல்லீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவள் கை குற்றமற்றது என்று நான் தெளிவாக எழுதியிருந்தது கடைசிப் பக்கத்தில். அதை அவள் சரியாகப் படிக்கவில்லை என்று நினைக்கிறேன்.