கரடி தலையில் கை வைத்தபோது

எனக்குக் குழந்தைகள் என்றால் உயிர், மேடம். விண்ணப்பத்திலும் அதைத்தான் முதல் வரியாக எழுதினேன்.

அந்தக் கேளிக்கைப் பூங்காவின் பயிற்சித் திட்டம் கல்லூரி மாணவர்களுக்கு மட்டும். வேலை, சீருடை, தங்க ஒரு தனி அறை. போன இரண்டு வருடமும் நேர்காணலோடு என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது என் கடைசி வருடம். பரீட்சை முடிந்தால் நான் மாணவி இல்லை, அதோடு சரி.

அம்மா போன பிறகு சித்தி வீட்டில்தான் இருக்கிறேன். சித்தி ஒரு குறையும் வைத்ததில்லை. ஆனால் ஹாலில் படுக்கிறவளுக்கு, மற்றவர்கள் டிவியை அணைத்த பிறகுதான் தூக்கம் வரலாம். உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றும் இல்லை.

சித்தி மகளை வீட்டில் வாலு என்போம். விளையாட்டாகத்தான் அவளும் விண்ணப்பித்தாள்.

"சும்மா உனக்குத் துணைக்குக்கா. கிடைச்சா என்ன, கிடைக்கலன்னா என்ன."

அவளுக்கு அடுத்த வருடமும் இருந்தது, அதற்கடுத்த வருடமும் இருந்தது.

கடைசித் தேர்வு, பூங்காவிலேயே ஒரு நாள் வேலை. மிஞ்சியிருந்தது ஒரே இடம். எங்கள் இருவரையும் ஜோடியாகப் போட்டார்கள். ஒருத்தி கரடி வேஷம் போட வேண்டும், மற்றவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். பிறகு மாற்றிக்கொள்ளலாம். கரடிக்குள்ளிருந்து பேச்சுக்குரல் கேட்கவே கூடாது, கேட்டால் உள்ளே இருப்பவளுக்கு வாய்ப்புப் போச்சு. முடியவில்லை என்றால் இரண்டு கையையும் தலையில் வைக்க வேண்டும். துணைக்கு வருபவள் உடனே ஓய்வறைக்கு அழைத்துப்போய்த் தலையைக் கழற்றிவிட வேண்டும்.

காலையில் நான் போட்டேன். தலையில் கை வைத்ததும் வாலு என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"உனக்கு எதுக்குக்கா கரடித் தலை? காலையில எழுந்திரிக்கிற மூஞ்சியே போதுமே" என்று விசிறிவிட்டாள். எங்களுக்கு மதிப்பெண் போட வந்திருந்த பயிற்சியாளர் சிரித்தார். அவளைப் பார்த்துச் சிரித்தார், என்னையல்ல. இடம் யாருக்கு என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

மதிய வெயிலில் அவள் முறை. பின்கழுத்துக் கொக்கியை நான்தான் மாட்டினேன். உள்ளே இருப்பவளால் அதைக் கழற்ற முடியாது.

"மூச்சு முட்டுதுக்கா."

"கையை வச்சா போதும். நான் இருக்கேன்ல?"

ராட்டினத்துக்குப் பக்கத்தில் குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் கரடி தலையில் கை வைத்தது.

"கரடி என்ன பண்ணுது பாருங்க. எல்லாரும் அதே மாதிரி கை வைங்க பார்ப்போம்" என்றேன்.

வைத்தார்கள். கூட வந்த பெற்றோரும் சிரித்துக்கொண்டே வைத்தார்கள். தூரத்தில் நின்ற பயிற்சியாளருக்கு எல்லோர் தலையிலும் கைதான் தெரிந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

ஒரு வார்த்தை பேசிவிடுவாள் என்றுதான் காத்திருந்தேன். பேசினால் அவள் வெளியே, நான் உள்ளே. கொக்கியை அந்த நிமிடமே கழற்றியிருப்பேன். அவள் பேசவில்லை. மறுபடி கை வைத்தாள், குழந்தைகளும் வைத்தார்கள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள். நான் அவள் கையை எடுத்து எல்லோருக்கும் டாட்டா காட்டவைத்தேன்.

கரடி உட்கார்ந்தது. பிறகு படுத்தது.

"அக்கா, கரடிக்கு என்னாச்சு?" என்றாள் ஒரு சின்னப் பெண்.

"தூக்கம் வந்துடுச்சு கண்ணு. சத்தம் போடாதீங்க."

நல்ல குழந்தைகள். வாயில் விரலை வைத்துக்கொண்டார்கள். பயிற்சியாளர் சந்தேகப்பட்டு ஓடிவரும்வரை எல்லோரும் அமைதியாக நின்றோம்.

அந்தச் சைகைக்கு அர்த்தம் தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும், மேடம். ஒவ்வொரு முறையும் தெரிந்துதான் குழந்தைகளைச் சிரிக்கவைத்தேன். படுத்த பிறகும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் சித்தி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கடைசியில அவ தனியா கிடந்தாளாடி?"

"இல்ல சித்தி. அவ கையை நான் விடவே இல்ல" என்றேன்.

என் தோளில் சாய்ந்து அழுதார். அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதல் சொல்ல நானாவது பக்கத்தில் இருந்தேனே என்பதுதான் எனக்குத் திருப்தி.