இளைக்காத இலை

லோயிஸ்: “‘பெரியம்மா, உங்க சாமிக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமையா?’ன்னு தேயிலைக் காட்டுல சோத்து நேரத்துல என் ஃபெபி கேட்டாளே... எட்டு வயசுப் புள்ளைக்கு வந்த சந்தேகம் எனக்கு வரலியேக்கா!”

மரகதம்: “விரதம்னு சொன்னா யாரும் கிளற மாட்டாங்கன்னுதான்... சோறு நெஞ்சுலயே நின்னுக்கும் லோயிஸு.”

லோயிஸ்: “ரெண்டு மாசமா டிபன் பாக்ஸை என் பக்கம் தள்ளிட்டு... மாரியம்மன் பேர்ல பொய் வேற!”

மரகதம்: “அவ மன்னிச்சிருவா. நீதான்...”

லோயிஸ்: “இந்தத் தண்ணியக் குடிங்க, நானும் மன்னிக்கறேன். டாக்டரே குடிக்கலாம்னுட்டாரு.”

மரகதம்: “இரு... உள்ள என்னதான் வெச்சாங்க? மயக்கத்துல ஒண்ணும் தெரியல.”

லோயிஸ்: “வாய் வழியா கேமராக் குழாய் விட்டு, சோத்துக்குழாய்ல கட்டி அடைச்ச எடத்துக்குள்ள முதல்ல மெல்லிசா ஒரு கம்பிய நுழைச்சாங்களாம். அது மேலயே மடக்குன குடையாட்டம் ஒரு வலைக்குழாயத் தள்ளி, உறைய உருவுனதும் தானா விரிஞ்சுக்கிச்சாம். ஸ்டென்டுன்னு பேரு.”

மரகதம்: “மழைக்கே பிளாஸ்டிக் தாள் போர்த்தறவ நான்... எனக்கு நெஞ்சுக்குள்ள குடையா!”

லோயிஸ்: “பேச்ச மாத்தாதீங்க. கட்டிக்கு வைத்தியம் இனிமேத்தான். அதுக்கு உடம்புல தெம்பு வேணுமாம்.”

மரகதம்: “குடிச்சது திரும்பி வந்துருச்சுன்னா...?”

லோயிஸ்: “ஏந்தறதுக்கு என் கை இருக்குது. நிமிந்து உக்காருங்க... ஒரே ஒரு மடக்கு.”

மரகதம்: “குடு... ம்ம்...”

லோயிஸ்: “அக்கா?”

மரகதம்: “எறங்கிருச்சுடி... எறங்கிருச்சு!”

லோயிஸ்: “ஸ்தோத்திரம் ஆண்டவரே!”

மரகதம்: “அழுவாத. இப்ப நீ ஒரு நெசம் சொல்லோணும். நான் பாதியா இளைச்சேன். என் இலை மட்டும் எடையில இளைக்கவே இல்லியே?”

லோயிஸ்: “உங்க அம்மன் பாத்துக்கிட்டா.”

மரகதம்: “அப்ப உன் எடை ஏன் கொறஞ்சுது? சூப்பர்வைசர் ரமேஷு உன்னய வெய்யறதக் கேட்டுட்டுத்தான் இருந்தேன்.”

லோயிஸ்: “அது... கைவலி.”

மரகதம்: “நான் அசந்து உக்கார்றப்பெல்லாம் நீ பறிச்ச இலைய என் பையில போட்டிருக்க. எதுக்குடி?”

லோயிஸ்: “ஃபெபி வயித்துல இருக்கறப்போ, வாந்தியெடுத்துட்டு வந்து பாத்தா என் பையில இலை கூடியிருக்கும்... அன்னைக்கு யாரும் பாக்கலன்னுதானக்கா நீங்களும் நெனச்சீங்க?”