மூன்று மூலைக் கொழுக்கட்டை

— அக்கா, இதைக் கொழுக்கட்டைன்னு யாரு சொன்னது உங்களுக்கு?

— ஆர் சொல்லவேணும்? மாவு, உள்ளுக்க ஏதோ வைச்சு மூண்டு மூலையா மடிச்சிருக்கு, தண்ணியில அவிக்கிறது. இது கொழுக்கட்டை இல்லையெண்டா நான் றோசம்மா இல்லை.

— பாக்கெட்ல கிரெப்லாக்னு போட்டிருக்கு. யூதங்க சாப்பாடு. சூப்ல போட்டுச் சாப்பிடுவாங்க.

— அதைத்தானே கண்மணிப்பிள்ளை நானும் சொல்லுறன். யூதரின்ர கொழுக்கட்டை. செவ்வாய்க்கிழமையில டொய்ச் பாஷை படிப்பிக்க வாற லெவின் அம்மா கொண்டு வந்து தாறவ. இந்த அகதி ஹைம்ல குடுக்கிற பாணையும் ஜாமையும் பாத்து அவவுக்கே வயித்தைப் பிரட்டிப்போட்டுதாம். ரெண்டு கிழமையா எனக்கு மத்தியானம் இதுதான்.

— தெனமுமா?

— ஒரு நாளைக்கு ஒரு பெட்டி.

— பன்னெண்டு பீஸும்?

— ஏழு மாதம், பிள்ளை. உள்ளுக்க இருக்கிறவருக்கும் பசிக்குமெல்லோ? என்னை விசாரிக்கிறதை விட்டிட்டு, ஹைம் சனத்துக்குக் கடிதம் வாசிச்சுக் குடுக்கிற மாதிரி, இதில என்ன சத்து இருக்கெண்டு வாசிச்சுச் சொல்லும். நாளைக்கு டொக்டரிட்ட டெர்மின். கேட்டா நான் என்னத்தைச் சொல்ல? யூனிவர்சிட்டியில நீர் சாப்பாட்டைத்தானே படிக்கிறீர்.

— சாப்பாட்டைப் படிக்கல. உணவு வேதியியல்ல டாக்டர் பட்டத்துக்குப் படிக்கறேன்.

— கோதாரி, ரெண்டும் ஒண்டுதான். வாசியும்.

— சரி. நூறு கிராமுக்கு இருநூத்திப் பதினோரு கலோரி. மாவுச்சத்து இருபத்தாறு கிராம், கொழுப்பு ஏழு, புரோட்டீன் பதினொண்ணு.

— நல்லதோ, கூடாதோ?

— ரொம்ப நல்லது. பாக்கெட் முன்னூறு கிராம். அப்போ ஒரு வேளைக்கு முப்பத்திமூணு கிராம் புரோட்டீன் உள்ள போவுது. எங்க ஊர் ஹாஸ்டல் மெஸ்ல ஒரு நாள் முழுக்கத் தின்னாலும் அவ்ளோ தேறாது.

— மாதாவே! அதுதான் ரெத்தம் ஏறியிருக்கு. எட்டில கிடந்தது, போன கிழமை ஒன்பது. டொக்டர் பொம்பிளை என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினவ. இப்பிடியே ஏறவேணும், இல்லாட்டிப் பிள்ளைப்பேறு ஆபத்து எண்டு முதலே வெருட்டினவ. இரும்புக் குளிசை எனக்குச் சரிவராது, விழுங்கின உடனை சத்தி, எல்லாம் வெளியில வந்திடும்.

— ஆனா இரும்பு எங்கேர்ந்து வந்துச்சு? மாவுல அவ்ளோ வராதே. இருங்க, என்னென்ன சேத்திருக்கான்னு பின்பக்கம் போட்டிருப்பான். கோதுமை மாவு, முட்டை, வெங்காயம், மிளகு, ரிண்ட்…

— என்ன, மூச்சு நிண்டுபோச்சு?

— அக்கா, நீங்க இறைச்சி தொடறதில்லைன்னு அன்னிக்குச் சொன்னீங்கல்ல? அது எதுக்கு?

— இவரைக் கொழும்பில விட்டிட்டு பிளேன் ஏறேக்க மடு மாதாவுக்கு நேர்ந்தனான். என்ர மனுசன் இராயப்பு சுகமா வந்து என்ர முகத்தில முழிக்குமட்டும் இறைச்சி வாயில வைக்கமாட்டன் எண்டு. நாலு மாதமாச்சு. வாற வெள்ளி அவருக்கு பிளேன். கிழக்கு பெர்லின் ஷோனெஃபெல்டில இறங்கி, எஸ்-பான் ரயில் பிடிச்சு மேற்கு பெர்லினுக்கு வந்து, அங்கையிருந்து பிராங்பேர்ட். எத்தினை இடத்தில மறிப்பாங்களோ.

— ஒருவேளை தெரியாம தின்னிருந்தா?

— தெரியாமத் திண்டது மன்னிப்பு. தெரிஞ்ச பிறகு ஒரு வாயும் ஏலாது. ஏன் பிள்ளை, இதில இறைச்சி இருக்கோ?

— ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

— இருந்தாச் சொல்லும். இப்பவே குப்பையில போட்டிட்டுப் பாணைத் தின்னுறன்.

— அவசரப்படாதீங்க! சாமியாரைக் கேக்கலாமே. புள்ளத்தாச்சிக்கு இதெல்லாம் வேணாம்னு சொல்லிடுவாரு.

— கேட்டனான். சாப்பிடு மகளே எண்டுதான் சொன்னவர். நான் நேர்ந்தது சுவாமியாருக்கோ?

— எனக்கு எரிச்சலா வருதுக்கா. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு பட்டினி பேரம்! பிளேன் ஓட்டறவன் உங்க தட்டை எட்டிப் பாத்துட்டா ஓட்டறான்?

— கத்தாதையும், பிள்ளை உதைக்குது. நீர் கும்பிடாட்டிப் பரவாயில்லை. ஆனா நீர் பொய் சொல்லாத ஆள். ஹைம் முழுக்க அதைத்தான் கதைக்குது. பக்கத்து அறைக் கமலநாயகி தன்ர பாட்டு எப்பிடியெண்டு கேக்க, யாரோ கழுத்தை நெரிக்கற மாதிரி இருக்கு எண்டு முகத்துக்கு நேரே சொன்னனீர்.

— கேட்டாங்க, சொன்னேன். எங்கப்பா ஆம்பூர்ல தோல் கிடங்குல வேலை. எங்க தெருவுலயே மொத டிகிரி நான்தான். ஹாஸ்டல்ல போய் எறங்குன அன்னிக்கு, ஞாயித்துக்கிழமை உங்க வீட்ல என்ன சமையல்னு கேட்டாளுங்க. மாட்டுக்கறின்னேன். மறுநாள்லேர்ந்து என் தட்டு தனி. கோழின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூணு வருஷம் நிம்மதியா இருந்திருப்பேன். சொல்லல.

— அதுதான் பிள்ளை உம்மைக் கேக்கிறன். இதில இறைச்சி இருக்கோ, இல்லையோ?

— …இல்ல.

— வடிவாப் பாத்துச் சொல்லும்.

— பாத்தாச்சு. சோயா. சோயாவை அரைச்சு இறைச்சி மாதிரி செஞ்சிருக்கான். இந்த ஊர்ல எதையும் செய்வானுங்க.

— ரிண்ட் எண்டு ஏதோ தொடங்கினனீர்?

— அது… சோயாவுல ஒரு ரகம்.

— அப்ப நான் இதுக்கு மேல தயிர் விட, லெவின் அம்மா ஐயோ எண்டு கோப்பையைப் பறிச்சவ. அதேன்?

— யூதங்க இறைச்சிகூடப் பால் தயிர் சேக்கவே மாட்டாங்க, அதனால—

— இறைச்சியோ?

— அந்தப் பழக்கத்துல எதுக்குமே பதறிடறாங்கன்னு சொல்ல வந்தேன்! சயின்ஸும் இருக்கு. தயிர்ல இருக்கற கால்சியம், இரும்பை ரத்தத்துல சேர விடாது. இதுல பொய்யே இல்ல.

— மற்றதிலயும் இல்லைத்தானே?

— அக்கா!

— கோவிக்காதையும். அந்தா, சுவரில மாதா படம். அவவைப் பாத்து ஒருக்காச் சொல்லிவிடும். என்ர மனம் ஆறும்.

— நானா? சாமி படத்துக்கிட்டயா?

— ஒரு வசனம்தானே.

— சரி. அம்மா, மடு மாதா, இந்தப் பாக்கெட்ல இறைச்சி இல்ல. எம்.எஸ்ஸி. முடிச்சவ சொல்றேன். போதுமா?

— காணும். தண்ணி கொதிக்குது, பன்னிரண்டையும் போடும். ஏன் முகத்தைத் திருப்புறீர்? அழுறீரோ?

— வெங்காயம்.

— வெங்காயம் உள்ளுக்கயெல்லோ இருக்கு. மாட்டிறைச்சியோட சேர்த்து அரைச்சு.

— …அக்கா?

— ரிண்ட்ஃப்ளைஷ், இருபத்திரண்டு வீதம். லெவின் அம்மா எனக்கு முதல் கிழமையே படிப்பிச்ச சொல்லு. கடையில டின்னை எடுத்தா அதைத்தான் முதல் தேடுறனான்.

— எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் என்னை இந்தப் பாடு படுத்துனீங்களா?

— நான் இல்லையெண்டு சொன்னா மாதா நம்பமாட்டா பிள்ளை, என்னை முப்பது வருசமா அறிஞ்சவ. நீர் சொன்னா நம்புவா.