தாவூது ஆடாத இரண்டு நாள் மேட்ச்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் டீ குடிப்பதில்லை, ஐயா. அம்பயர் பாதியில் ஒதுங்கப் போனால் ஆட்டம் கெட்டுவிடும். பதினான்கு வருஷமாக ராயபுரத்தில் அம்பயராக நிற்கிறேன். லூர்து விரலைத் தூக்கிவிட்டால் யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை.

மற்ற நாட்களில் இரும்புக் கிடங்கில் கிரேனுக்குக் கை காட்டுவது என் வேலை. மேலே கிரேன் ஓட்டும் பரசுராமனுக்கு அந்த இரைச்சலில் எதுவும் காதில் விழாது. என் கையை மட்டும்தான் பார்ப்பான். கீழே தாவூது இரும்புத் தகடுகளுக்குச் சங்கிலி மாட்டுவான். மாட்டிவிட்டு, கையை எடுத்து "சரி" என்பான். அதற்குப் பிறகுதான் நான் விரலைத் தூக்க வேண்டும்.

எங்கள் கிடங்கு அணியில் இரண்டு பேட்ஸ்மேன்கள். ஸ்டானிஸ்லாஸ் இரண்டு நாள் மேட்ச்காரர். உச்சி வெயில் வரைக்கும் பந்தை அடிக்காமல் விட்டுக்கொண்டே இருப்பார். பார்க்கிறவனுக்கும் பொறுமை வேண்டும். ஒன்பது வருஷச் சராசரி நாற்பத்தொன்று. தாவூது முப்பது ஓவர் மேட்ச் மட்டும் ஆடுவான். அடித்தால் பந்து ரயில் பாதையில் கிடக்கும். போன வருஷம் இங்கிலாந்தில் ஒருநாள் உலகக் கோப்பை நடந்தது முதல் டீக்கடையில் தாவூது பேச்சுதான். வடை சுடுபவனையும் பிரியாணி போடுபவனையும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்று கேட்டேன். சிரித்தார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது.

பிறகு தாவூதை இரண்டு நாள் மேட்சுக்கும் எடுத்துவிட்டார்கள். வியாழக்கிழமை பயிற்சியில் பார்த்தேன். வெளியே போகிற பந்தையெல்லாம் அழகாக விட்டான். மறுநாள் சங்கிலி மாட்டும்போது சொன்னான்:

"இன்னா மாமு, நாளிக்கி ஸ்டானி அண்ணன் கணக்கா நின்னு காட்டறேன். நீயே பாத்துக்கினு இரு."

நிற்பான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நின்றுவிட்டால் ஸ்டானிஸ்லாஸின் ஒன்பது வருஷம் என்னாவது? மேட்சில் தப்பாக அவுட் கொடுத்து அனுப்பியிருக்கலாம். அந்த மாதிரிக் கலீஜ் வேலை எனக்கு வராது, ஐயா.

அவன் இன்னும் "சரி" சொல்லவில்லை. வலது கை சங்கிலிக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்தது. நான் விரலைத் தூக்கினேன். பரசுராமன் தகட்டைத் தூக்கினான். நான்கு விரல்கள் போயின.

"லூர்து மாமு கை காட்டுச்சு, நான் தூக்கினேன்" என்று பரசுராமன் அழுதான். நான் காட்டவில்லை என்றேன். அம்பயர் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? மூன்று மாதமாகப் பரசுராமனுக்கு வேலை இல்லை. ஸ்டானிஸ்லாஸும் மட்டையைத் தொடுவதில்லை. "தாவூது இல்லாம இன்னா மேட்சு, லூர்து?" என்கிறார். தினமும் போய் தாவூதுக்குச் சோறு ஊட்டிவிட்டு வருகிறார். பெரிய மனசு.

பரசுராமனுக்காகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் டீக்கடைப் பேச்சையும் பொறுக்க முடியவில்லை. "கை மட்டும் இருந்தா ஸ்டானியத் தூக்கிச் சாப்ட்டிருப்பான்" என்கிறார்கள். ஆடாத ஆட்டத்துக்கு ஓட்டம் போடுவது எந்த ஊர் நியாயம்?

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு வரி மட்டும் சேர்த்துவிடுங்கள், ஐயா. இரண்டு நாள் மேட்சில் தாவூது இதுவரை ஒரு ஓட்டம்கூட எடுத்ததில்லை.