ஸ்பிரிட் நனைத்த துணி

வீட்டில் ஒரு பாட்டில் ஸ்பிரிட் இருந்தால் பாதி வேலை குறையும். ஊசி போடுகிற இடத்தைத் துடைக்க மருந்துக் கடையில் வாங்குவார்களே, அதேதான். அலமாரியில் எதற்கு இத்தனை பாட்டில் என்று உங்களோடு வந்த போலீஸ்காரர் கேட்டார். குடிக்கிறேனோ என்று சந்தேகம் போலிருக்கிறது. இந்த வயதில் எனக்கு அது ஒன்றுதான் பாக்கி. நான் தையல்காரி, மேடம். பேனா கசிந்து மை ஊறிய சட்டை வந்தால், அடியில் பழந்துணி வைத்து, ஸ்பிரிட்டைத் தொட்டு ஒற்றி ஒற்றி எடுத்தால் கறை கிளம்பிவிடும். தேய்த்தால் பரவும். புதுப் பாத்திரத்தில் விலைச்சீட்டை உரித்த பிறகு பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நிற்குமே பசை, அதற்கும் அதுதான். முகம் பார்க்கும் கண்ணாடி, கத்தரிக்கோல், தையல் மெஷினில் ஏறிய எண்ணெய்ப் பிசுக்கு என்று எதற்கும் ஆகும். அடுப்புப் பக்கம் மட்டும் கொண்டுபோகக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். நீங்கள் கேட்பதற்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, யாரும் அதற்காக மெனக்கெடவில்லை என்பதுதான் சரி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அந்த மாடி வீட்டில் நானும் மெஷினும்தான். துணி கொடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அளவு எடுக்கும்போது மட்டும்தான் இன்னொரு மனுஷர் மேல் என் கை படும். தோள் அளவை இரண்டு முறை எடுப்பேன். துல்லியமாக வேலை செய்கிறவள் என்று பெயர் கிடைத்தது. உண்மையில் நான் ரொம்பத் தனியாக இருந்தேன், மேடம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம் தங்கை வந்தாள். பள்ளிக்கூட டீச்சர், புருஷனை இழந்தவள். மூளையில் ரத்தம் கட்டி ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, ஆனால் ஞாபகம் ஓட்டைப் பாத்திரமாகிவிட்டது. இப்போது சொன்னது இப்போதே ஒழுகிவிடும். அவள் மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளுங்கள் பெரியம்மா என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கரும்பு தின்னக் கூலியா என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

அந்த மாதங்கள் மாதிரி என் வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை. காலையில் கண் திறந்ததும் அக்கா என்பாள். சக்கரை எங்கே அக்கா, என் துண்டு எது அக்கா, இது யார் வீடு அக்கா. சொல்லிவிட்டு நான் திரும்புவதற்குள் அதையே மறுபடியும் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துவிட்டு, எப்படித்தான் சலிக்காமல் பதில் சொல்கிறீர்களோ, உங்களுக்குக் கோயில் கட்டலாம் என்றாள். அவளுக்குப் புருஷன், மாமியார், மூன்று பிள்ளைகள். கூப்பிட ஆளில்லாத வீடு அவளுக்கு எப்படித் தெரியும்?

லீவில் மகள் வந்தாள். கெட்டிக்காரி. அம்மாவுக்கு மற்றதெல்லாம் மறந்தாலும் படிப்பு மறக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தாள். எழுத்தைக் காட்டினால் டீச்சரம்மா கடகடவென்று வாசித்துவிடுவாள். உடனே ஒரு தடித்த மார்க்கர் வாங்கி வந்து வீடு முழுக்க எழுதினாள். காகிதம் ஒட்டினால் ஈரத்தில் விழுந்துவிடும் என்று டப்பாவின் மேலேயே, சுவரின் மேலேயே, கதவின் மேலேயே எழுதினாள். 'சக்கரை.' 'அம்மாவின் துண்டு இங்கே.' 'இது பெரியம்மா வீடு. நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள்.' கடைசி வரியை அவள் அழுதுகொண்டே எழுதியதை நான் பார்த்தேன். நல்ல பெண். அவள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

"அழியாத மை பெரியம்மா. அப்படியே மங்கினாலும் நீங்க மேல எழுதிடுங்க," என்றாள்.

அவள் போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. தங்கை எழுந்தாள், சுவரை வாசித்தாள், துண்டை எடுத்தாள், குளித்தாள். டப்பாவை வாசித்துத் தானே டீ போட்டுக் குடித்தாள். எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டாள். பொழுது சாய்ந்த பிறகுதான் உறைத்தது, அன்று முழுக்க அவள் என்னை ஒரு முறைகூடக் கூப்பிடவில்லை. சும்மா சொல்லக் கூடாது, டீ நன்றாகத்தான் இருந்தது.

முதலில் சக்கரை டப்பாவைத்தான் துடைத்தேன். அவள் மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தாள். பழைய பாவாடைத் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி ஒரு இழுப்பு, அவ்வளவுதான். அழியாத மை என்றெல்லாம் கடைக்காரன் சொல்வதுதான். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். டப்பாக்களை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, சக்கரை எங்கக்கா?" என்று குரல் வந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டுப் போய் எடுத்துக் கொடுத்தேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் உப்பு, டீத்தூள், துண்டு மாட்டுகிற இடம் என்று ஒவ்வொன்றாகப் போயிற்று. எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யவில்லை. அவளைப் பதற வைப்பது என் நோக்கமில்லை. ஆனால் ஒரு நாள், 'இது பெரியம்மா வீடு' என்று இருந்த சுவருக்கு முன்னால் நின்று கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"இங்க ஏதோ எழுதியிருந்துச்சேக்கா. என்னன்னு ஞாபகம் இல்ல, கண்ணு மட்டும் தானா இங்க வருது."

"இங்க எதுவும் எழுதலையேம்மா," என்றேன்.

அவள் அழ ஆரம்பித்தாள். புத்தி பேதலித்துவிட்டதா அக்கா, எழுத்துகூட என்னை விட்டுப் போகிறதா என்று கேட்டாள். நான் மடியில் சாய்த்துக்கொண்டு தலையைத் தடவிக் கொடுத்தேன். வெகுநேரம் அப்படியே படுத்திருந்தாள். உங்களிடம் எதையும் மறைக்கப் போவதில்லை, மேடம். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த முறை மகள் வந்தபோது டப்பாக்களைப் பார்த்துவிட்டு, நல்லா ஏமாத்திட்டான் கடைக்காரன் என்று சிரித்தாள். கழுவித் துடைத்தால் போகத்தானே செய்யும் என்றேன். எல்லாவற்றையும் மறுபடி எழுதினாள். டாக்டரிடம் கூட்டிப் போய்வந்தாள். எழுதி வைத்த இடத்தில் இவர் தன்னந்தனியாகவே சமாளிக்கிறார், இனி உங்களோடு வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். மகள் ஆனந்தக் கண்ணீரோடு என்னைக் கட்டிக்கொண்டாள். உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்திவிட்டோம், இனிமேலாவது ஓய்வெடுங்கள் என்றாள்.

ஓய்வாம். அவள் பிறக்கும் முன்பிருந்தே நான் எடுத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இனி நீங்கள் கேட்கிற இடத்துக்கு வருகிறேன். எங்கள் நடையின் கோடியில் இரண்டு கதவுகள், பக்கத்தில் பக்கத்தில், ஒரே பச்சைப் பெயின்ட். ஒன்று பாத்ரூம், அதன்மேல் அப்படியே எழுதியிருந்தது. இன்னொன்றைத் திறந்தால் பின்பக்கத்து இரும்புப் படி, கைப்பிடி துருப்பிடித்து விழுந்து வெகுகாலமாகிவிட்டது. அதில் மட்டும் மகள் சிவப்பு மார்க்கரில் எழுதியிருந்தாள்: 'இதைத் திறக்காதீங்கம்மா.' மற்ற எழுத்தையெல்லாம் துடைத்தபோதும் அந்த இரண்டு கதவுகளையும் நான் தொட்டதில்லை. நான் ஒன்றும் ராட்சசி இல்லை.

மகள் அழைத்துப்போக வருகிற அன்று காலையில்தான் இரண்டையும் தொட்டேன். என் கணக்கு ரொம்பச் சாதாரணமானது. மகள் வந்து உட்கார்ந்திருக்கும்போது தங்கை பாத்ரூம் தெரியாமல் திகைத்து நிற்பாள். அக்கா என்று என்னைக் கூப்பிடுவாள். அம்மா இன்னும் தயாராகவில்லை, இங்கேயே இருக்கட்டும் பெரியம்மா என்று மகள் சொல்லிவிடுவாள். சிவப்பு மை கொஞ்சம் முரண்டு பிடித்தது. துணியைக் கதவில் அழுத்திப் பிடித்து ஊற வைக்க வேண்டியிருந்தது.

மகள் வரும் வண்டி தாமதம். தங்கை அதுவரை காத்திருக்கவில்லை. நான் முன்னறையில் மெஷினில் இருந்தேன், அவளுக்காகத்தான் ஒரு உடுப்பு தைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பாத்ரூம் எந்தக் கதவுக்கா?"

தெளிவாகக் கேட்டது. மெஷின் ஓடியது, கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். ஓடவில்லை. காலை எடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். நாளை முதல் அந்தக் குரல் எனக்கு இல்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருந்தேன். வேறெதுவும் நினைக்கவில்லை.

அப்புறம் தாழ்ப்பாள் இழுபடும் சத்தம் வந்தது. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான். நடைப் பக்கம் தாழ்ப்பாள் உள்ளது அந்த இன்னொரு கதவுக்குத்தான். அது எனக்குத் தெரியும். தாழ்ப்பாள் இறுகிப்போனது, அவள் இரண்டு மூன்று தடவை இழுக்க வேண்டியிருந்தது. எழுந்து போக நேரம் இருந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் போதும். நான் அவள் கூப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தேன்.

எழுத்தைத் துடைத்தது நான். சத்தம் கேட்டும் உட்கார்ந்திருந்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், ஒரு எழுத்து மாற்ற வேண்டாம்.

இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறதாம், தலையிலும் பலத்த அடியாம். இனிமேல் எழுந்து நடப்பது கஷ்டம் என்றார்கள். நர்ஸ் ஒரு எழுத்து அட்டையைக் காட்டினாளாம், அவளுக்கு வாசிக்கத் தெரியவில்லையாம். மகளைப் பார்த்து நீ யார் என்று கேட்டாளாம். என்னைக் கதவுக்குள் விடக் கூடாது என்று மகள் நிற்கிறாள். சின்னப் பெண், கோபம், தணிந்துவிடும். இப்படிப் படுத்துவிட்டவளை வேலைக்குப் போகிற பெண் எப்படித் தனியாகப் பார்த்துக்கொள்வாள்? பொறுமையாக உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? வார்டுக்கு வெளியே நிற்கும்போது நானே கேட்டேன், அவள் வாயில் வருவது அக்கா என்கிற ஒரே சொல்தான்.

கையெழுத்து எங்கே போட வேண்டும், மேடம்? சீக்கிரம் காட்டுங்கள். அவளுக்கு ஊசி போட்ட மயக்கம் தெளிகிற நேரம் ஆகிறது, கூப்பிடும்போது நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவள் பயந்துவிடுவாள்.