வழுக்க வேண்டிய தட்டு

பெயர் சூசை அந்தோனி. வயது முப்பத்தெட்டு. தொழில் மோட்டார் மெக்கானிக். கண்டி, கட்டுக்கலையில் வசிக்கிறேன். 1934ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தெல்தோட்டை வீதியில் நடந்த விபத்துக்காகச் சாரதி கறுப்பையா மறியலில் அடைக்கப்பட்டிருக்கும் வழக்கில், வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சொல்வதாவது:

முஹைதீன் முதலாளியின் வாடகைக் கார் ஏற்றத்தில் வேகமாக இழுக்கும்படி எஞ்சினை மாற்றிக் கொடுத்தது நான். இரண்டு காபுரேட்டர் வைத்தேன். அப்படி வலுக்கூட்டினால் உள்ளே சுழலும் கிராங்க் தண்டு முறுகி முறுகி அதிரும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளத் தண்டின் முன்முனையில் கனமான தட்டு ஒன்றை, சற்றே வழுக்கும்படி பொருத்தினேன். அதன்பின் கார் ஓடியது, தட்டு கடகடத்தது. அது கடகடக்கத்தான் வேண்டும்.

அதன்பின், விபத்தன்று, கறுப்பையா ஓட்டிய அந்தக் காரில் என் மனைவி டொரதியும் போனாள். ஏற்றத்தில் தண்டு முறிந்து கார் பின்னோக்கி உருண்டது, பிரேக் தாங்கவில்லை. "கெட்டியாப் பிடிச்சுக்குங்க!" என்று கத்திவிட்டுச் சாரதி வேண்டுமென்றே காரை மலைப்பக்கம் திருப்பி மோதினார். மறுபக்கம் பள்ளம். டொரதிக்குக் கை முறிந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதன்பின் நான் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தேன். தண்டு முறிந்த இடத்தில் பெரும்பகுதி தேய்ந்து, கறுத்து, வழவழப்பாக இருந்தது. ஓரத்தில் மட்டுமே புது முறிவு. ஆகவே வெடிப்பு பழையது, அன்றைய ஓட்டத்தில் வந்ததல்ல. தட்டின் நட்டுகளோ, தட்டு அசையவே முடியாதபடி இறுக்கப்பட்டிருந்தன. வழுக்காத தட்டு அதிர்வை வாங்காது, அதிர்வு முழுவதும் தண்டிலேயே இறங்கி அதை வெடிக்கச் செய்தது. முதலாளியைக் கேட்டேன். "கடகடங்குது எண்டு ஆக்கள் ஏறப் பயந்தாங்க, அந்தோனி. நான்தான் இறுக்கினேன். சத்தம் நிண்டிச்சே" என்றார். அதன்பின் குரலைத் தாழ்த்தி, "டிரைவர் கண்டபாட்டுக்கு ஓட்டினான் எண்டு சொல்லிடுங்க" என்றார்.

ஆடுகிற எதையும் இறுக்கிவிட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். இறுக்கியதில் அவரிடம் வஞ்சகம் இல்லை. ஆனால் பழியைக் கறுப்பையா தலையில் கட்டப் பார்த்தது எனக்குப் பொறுக்கவில்லை. முதலாளிதான் எனக்கு வேலை தருபவர். இனித் தரமாட்டார்.

சாரதிமீது என் மனைவிக்கு முறைப்பாடு உண்டா என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். இன்று காலை ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம், "அந்த மனுசனாலதான் நான் உசிரோட கெடக்குறேன். அவரு மேல ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள்.

நான் கூறியது கூறியபடியே எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை, முழுவதும் உண்மை.

ஒப்பம்: சூ. அந்தோனி