மிஷினை அழுத்தக் கூடாது

டிரில் மிஷினில் துளை போடும் பிட்டை மாற்றும்போது முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இதைப் பத்துப் பேரிடம் சொன்னால் பத்துப் பேரும் தலையாட்டுவார்கள், ஒருவர்கூடச் செய்யமாட்டார். பன்னிரண்டு வருடமாகக் கருவிக்கடையில் வாடிக்கையாளர்களுக்கு டிரில் மிஷினை ஓட்டிக் காட்டுகிறவன் நான். வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன். வயர் இல்லாத மிஷின் என்றாலே பொம்மை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பிட்டைத் திருகிக்கொண்டிருக்கும்போது விரல் தவறி விசையில் பட்டால் தெரியும், பொம்மையா இல்லையா என்று.

நீங்கள் கேட்டது வேறு என்பது எனக்குத் தெரியும், இன்ஸ்பெக்டர் சார். அதற்குத்தான் வருகிறேன். முறையாகச் சொன்னால் உங்களுக்கும் எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இறந்துபோனவன் என் மச்சினன், மனைவியின் கூடப்பிறந்த தம்பி. வீடு வீடாகப் போய் அலமாரி மாட்டுவது அவன் தொழில். கடையில் அவனை ராக்கெட் என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவன் அளவு நாடாவைத் தேடி எடுப்பதற்குள் இவன் மாட்டி முடித்துக் கை கழுவிக்கொண்டிருப்பான். கண்ணுக்குக் கண்ணாடி போடமாட்டான். பலகையை முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டே துளை போடுவான். நான் ஏதாவது சொன்னால், "மாமா, நீங்க பாடம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு வீடு முடிச்சிடுவேன்" என்பான். கடையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். வயிறு எரியும். அதை மறைத்து எனக்கு இனி ஆகப்போவது ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுச் சமையலறையில் அவனும் நானும் சேர்ந்து ஒரு மேல் அலமாரி மாட்டினோம். இடது பக்கம் இரண்டு திருகு, வலது பக்கம் இரண்டு. எட்டாம் நாள் காலையில் அது வலது பக்கம் பெயர்ந்து, பாத்திரங்களோடு அப்படியே கீழே வந்தது. கீழே என் மகள் குடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயது. பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். இதற்கு மேல் அதைச் சொல்ல என்னால் முடியாது, கேட்காதீர்கள்.

வந்தவர்கள் எல்லோரும் விதி என்றார்கள். சுவருக்குள் விதி எங்கிருந்து வரும்? சுவருக்குள் துளை இருக்கிறது, திருகு பிடித்துக்கொள்ளத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் இருக்கிறது, திருகு இருக்கிறது. அதைப் போட்ட கை ஒன்று இருக்கிறது. மச்சினன் ஒரு மூலையில் உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தான். 'நான்தான்' என்று ஒரு வார்த்தை அவன் வாயிலிருந்து வரும் என்று ஒரு மாதம் காத்திருந்தேன். வரவில்லை. அது வராமல் சுவரில் மாட்டியிருக்கும் என் பிள்ளையின் போட்டோவை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான், சார்.

கடைக்கு விடுமுறை நாள் பார்த்து அவனை வரச் சொன்னேன். காலை பதினோரு மணி இருக்கும். பாதியாக இளைத்திருந்தான். வந்ததும் என் தோளில் சாய்ந்து அழுதான். "அக்கா என்கூடப் பேசவே மாட்டேங்குது மாமா" என்றான். தட்டிக்கொடுத்தேன். பின்னறையில் செய்முறை காட்டும் மேசை இருக்கிறது, அதன் முன்னால் உட்காரவைத்தேன். புதுக் கவ்வி வந்திருக்கிறது, பிடி எப்படி என்று பார்த்துச் சொல் என்றேன். இடது கையை அவனே வைத்தான். கைப்பிடியை நான் சுற்றினேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வலது மணிக்கட்டை மேசைக் காலோடு சேர்த்து பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கிவிட்டேன்.

துளை போடும் பொருளைக் கையால் பிடிக்கக் கூடாது. அசையாமல் கவ்வியில் இருக்க வேண்டும். நான் கண்ணாடி போட்டுக்கொண்டேன். கையுறை போடவில்லை, சுழலும் பிட்டில் நூல் மாட்டினால் விரலோடு போய்விடும். இது பலருக்குத் தெரியாது.

எடுத்த எடுப்பில் திருகை ஏற்றினால் எதுவும் பிளந்துபோகும். மெல்லிய பிட்டால் முதலில் வழி போட வேண்டும். புறங்கையில், விரல் எலும்புகளுக்கு நடுவே, மெதுவான வேகத்தில் தொடங்கினேன். மிஷினை அழுத்தக் கூடாது. நேராகப் பிடித்துக்கொண்டால் போதும், அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். கையைத் தாண்டி மேசைப் பலகை வந்ததும் சத்தம் மாறியது. பிறகு பேட்டரியைக் கழற்றி, பிட்டை மாற்றி, திரும்பவும் பேட்டரியைப் போட்டேன். அவன் போட்ட கூச்சலில் எனக்கே காது அடைத்தது. ஆனாலும் அந்த ஒழுங்கை நான் விடவில்லை.

திருகு ஏற்றும்போது மிஷினின் கழுத்து வளையத்தைச் சின்ன எண்ணில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். அளவுக்கு மேல் முறுக்காமல் அது கடகடவென்று விட்டுக்கொடுக்கும். ஐந்தில் வைத்தேன். எலும்பு தட்டிய இடத்தில் விட்டுக்கொடுத்தது. பத்துக்கு மாற்றினேன்.

ஒவ்வொரு திருகுக்கும் ஒரு தடவை, "யார் தப்பு?" என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. முதல் தடவை, "பாப்பாவைத் தூக்கி வளத்தவன் மாமா நான்" என்றான். அது கேள்விக்குப் பதில் இல்லை. இரண்டாவது தடவை, "வலது பக்கம் நீங்க போட்டது மாமா. உங்க மனசு தாங்காதுன்னுதான் நான் யார்கிட்டயும் சொல்லல" என்றான். வலி வந்துவிட்டால் மனிதன் வாய்க்கு வந்ததைச் சொல்வான், அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்றாவதற்கு வெறும் அலறல்தான். நான்காவது பாதி இறங்கும்போது, "நான்தான் மாமா, நான்தான், நான்தான்" என்றான்.

அவன் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று தெரிந்ததும் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அழுதுவிட்டேன். அவன் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் ஒரு குழந்தையைக் கொன்றேன் என்று ஒருவன் தன் வாயாலேயே சொல்லும்போது, சரி போய்வா என்று அனுப்ப முடியுமா? பேட்டரியில் இன்னும் இரண்டு கோடு இருந்தது. நீளமான பிட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தலையை மேசையோடு சேர்த்துப் பெரிய கவ்வியைப் போட்டேன். காதுக்குப் பின்னால் வைத்து, மெதுவாகத்தான் தொடங்கினேன். மற்றதை டாக்டர் எழுதியிருப்பார்.

நேற்று என் மனைவி இங்கே வந்தாளாம், உங்களிடம் ஏதோ சொன்னாளாம். அன்று வலது பக்கம் ஸ்டூல் மேல் நின்றது நான் என்றும், கீழிருந்து திருகு எடுத்துக் கொடுத்தது அவள் என்றும். பிள்ளையும் போய், தம்பியும் போய் நிற்கிறவள். அவள் பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். எனக்குத் தெரியாமலா ஒருவன் உயிரை எடுப்பேன்? வலது பக்கத்து மேல் திருகுதான் பிடிக்கவில்லை. நல்ல திருகு கடைசிச் சுற்றில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டும். பக்கத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அது தெரியாது, மிஷினைப் பிடித்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். அன்றைக்கு அந்த வெட்டு வரவேயில்லை, சார். மிஷின் என் கையில் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. அதைக் கழற்றிப் பெரிய பிளக்காகப் போட்டிருக்க வேண்டும், அவன் போடவில்லை.